குகையில் வாழும் புதிய வுட்லவுஸ் இனத்தை விவரிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குகைக்குள் ஊரும் ஒரு சின்ன வெள்ளை உயிரினம் எப்படி அறிவியல் பெயர் பெறுகிறது? விலங்கியல் மாணவர்களும் குகைகளுக்குள் இறங்கும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போகும். வேலையின் பெரும்பகுதி அந்த இடங்களில்தான் இருக்கிறது.

வுட்லவுஸ் என்பது ஒரு பூச்சியா?

இல்லை. பூச்சிக்கு ஆறு கால். வளர்ந்த வுட்லவுஸுக்குப் பதினான்கு. இறாலும் நண்டும் இருக்கும் ஓட்டுடலிகள் கூட்டத்தைச் சேர்ந்தது இது. ஈரமான கல்லைப் புரட்டினாலோ மக்கிப்போன கட்டையைத் தூக்கினாலோ அடியில் குடுகுடுவென்று ஓடும், முதுகில் வரிசையாக ஓடு அடுக்கிய சாம்பல் நிற உயிரினம்தான். சில இனங்கள் தொட்டதும் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். ஐசோபாட் வரிசையில் தண்ணீரை விட்டு நிலத்துக்கு ஏறிவந்த கிளைக்கு ஒனிசிடியா என்று பெயர். இந்தக் கிளையில் இதுவரை ஏறக்குறைய 4,000 இனங்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

நிலத்துக்கு வந்தாலும் பழைய நீர்வாழ்க்கையின் தடங்கள் உடம்பில் அப்படியே இருக்கின்றன. வயிற்றின் அடியில் உள்ள தகடு போன்ற கால்களால்தான் இது மூச்சு விடுகிறது. தாய் தன் முட்டைகளை உடலுக்கு அடியில் திரவம் நிறைந்த ஒரு பைக்குள் சுமக்கிறது. அதிலிருந்து வெளிவரும் குஞ்சுக்கு ஆறு ஜோடிக் கால்தான் இருக்கும். ஏழாவது ஜோடி, தோலுரித்த பிறகே வளரும். பன்னிரண்டு கால் கொண்ட ஒன்று கிடைத்துவிட்டது, இது ஏதோ விசித்திரமான புது இனம் என்று யாரும் துள்ள வேண்டாம். அது குஞ்சு.

குகையில் கிடைத்தால் அது குகை இனம் ஆகிவிடுமா?

ஆகாது. குகை வாயிலில் ஈரத்துக்காக ஒதுங்கியதும் இருக்கும். வெளியிலும் உள்ளேயும் தலைமுறை தலைமுறையாக வாழக்கூடியதும் இருக்கும். நிலத்தடியை விட்டு வெளியே பிழைக்கவே முடியாததும் இருக்கும். இந்த மூன்றாவது வகைக்கு டிரோகுளோபயான்ட் என்று பெயர். 1854இல் ஆஸ்திரியப் பூச்சியியலாளர் ஷீனர் தொடங்கிவைத்த இந்தப் பிரிவினையை, 1907இல் ருமேனிய விலங்கியலாளர் எமில் ராக்கோவிட்சா சீர்படுத்தினார். குகை உயிரியலைத் தனித் துறையாக நிறுத்தியவர் அவர்தான்.

டிரோகுளோபயான்ட் இனங்களில் வழக்கமாக நிறமி மறைந்திருக்கும், கண் சுருங்கியோ இல்லாமலோ இருக்கும், கால்களும் உணர்கொம்புகளும் நீண்டிருக்கும். ஆனால் வெள்ளையாக, கண்ணில்லாமல் இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பிளாட்டியார்த்ரஸ் ஹாஃப்மன்செகி என்ற இனம் வெள்ளை, கண் கிடையாது; ஆனால் அது வாழ்வது எறும்புப் புற்றில். மண்ணுக்குள் ஆழத்தில் வாழும் சின்ன வுட்லவுஸ்களிலும் பல இப்படித்தான். அவை மண் விரிசல் வழியாகக் குகைக்குள் விழுந்திருக்கலாம். கால், கொம்பு ஆகியவற்றின் நீளத்தை நெருங்கிய உறவினங்களோடு ஒப்பிட வேண்டும், ஆழமான பகுதியில் குஞ்சுகளும் முட்டை சுமக்கும் பெண்களும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், சுற்றியுள்ள மண்ணிலும் தேட வேண்டும். அதன் பிறகு சொல்வதுதான் நம்பத்தக்க பேச்சு.

இவ்வளவு சின்ன உயிரினத்துக்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்?

பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் ஒரு குகையிலிருந்து 2015இல் விவரிக்கப்பட்ட யூயுனிஸ்கஸ் யூயுஎன்சிஸைப் பாருங்கள். அது சேற்றால் சின்னக் கூடு கட்டி, அதற்குள் இருந்து தோலுரிக்கிறது. தோலுரிக்கும்போது உடல் மென்மையாக, தற்காப்பின்றி இருக்கும். வுட்லவுஸ்கள் இதை இரண்டு தவணையாகச் செய்யும். முதலில் பின்பாதி, அப்புறம் முன்பாதி. அந்த நேரத்துக்கு ஒரு பாதுகாப்பான அறை கட்டுகிறது இந்த உயிரினம். இதற்காகப் புதுப் பேரினம் மட்டுமல்ல, புதுத் துணைக்குடும்பமே உருவாக்க வேண்டியிருந்தது.

ருமேனியாவின் மோவிலே குகை 1986இல் தற்செயலாகத் திறக்கப்பட்டது. வெளியிலிருந்து உணவு எதுவும் வராத அந்த இடத்தில், கந்தகச் சேர்மங்களையும் மீத்தேனையும் கொண்டு பிழைக்கும் பாக்டீரியாக்களே உணவுச் சங்கிலியின் அடித்தளம். அங்கிருந்து ஆர்மடில்லிடியம் தபகருய் உள்ளிட்ட வுட்லவுஸ்கள் விவரிக்கப்பட்டன. மேற்கு ஆஸ்திரேலியாவிலோ, சுண்ணாம்புப் படிவுகளுக்குள் தேங்கிய நிலத்தடி நீரில் ஹலோனிஸ்கஸ் இனங்கள் முழுக்க முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே வாழ்கின்றன. நிலத்துக்கு ஏறிவந்த ஒரு பரம்பரை, திரும்பவும் தண்ணீருக்குப் போயிருக்கிறது! ஒருவர் உட்கார்ந்து இவற்றைச் சரியாக விவரித்ததால்தான் இந்தக் கதைகள் நமக்குக் கிடைத்தன.

மாதிரிகளை எப்படிச் சேகரிக்க வேண்டும்?

முதலில் அனுமதி. நில உரிமையாளர், வனத்துறை, பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தால் அதற்குரிய நிர்வாகம் என எல்லாரிடமும் எழுத்தில் வாங்குங்கள். வேறொரு நாட்டு மாதிரி என்றால், மரபணு வளங்களின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும், 2014 முதல் நடைமுறையில் உள்ள நகோயா ஒப்பந்தத்தின்படி அந்த நாடு வைத்திருக்கும் விதிகளையும் பார்க்க வேண்டும். அனுமதி இல்லாத மாதிரியை வைத்து எழுதிய கட்டுரையை நல்ல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை.

உள்ளே போனபின் ஓடிக்கொண்டே தேடுவதில் பயனில்லை. வெள்ளத்தில் அடித்துவந்த மக்கிய கட்டை, வவ்வால் எச்சக் குவியல், நீர் சொட்டித் தேங்கும் குழியின் ஓரம், கூரையைப் பிளந்து இறங்கிய மரவேர் ஆகிய இடங்களில் பொறுமையாக உட்கார்ந்து பாருங்கள். ஈரமாக்கிய மெல்லிய தூரிகையின் நுனியால் ஒற்றி எடுத்தால் கால் உடையாது. இடுக்கியால் பிடித்தால் உணர்கொம்பு போய்விடும். குழிப்பொறி வைத்துவிட்டு வருவதை நான் ஆதரிக்கவில்லை. குகையில் எண்ணிக்கை குறைவு. மறந்துபோன ஒரு பொறி ஒரு சிறு கூட்டத்தையே காலி செய்துவிடும்.

உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்துவிடுங்கள். ஆல்கஹாலில் போட்டதும் நிறம் மாறும். பாதியை 70 சதவீத எத்தனாலில் வையுங்கள். உடல் விறைக்காமல் இருப்பதால் பிரித்துப் பார்க்க வசதி. சிலவற்றை 96 சதவீதத்தில் வையுங்கள், அவை டி.என்.ஏ.வுக்கு. சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள்: குகையின் பெயர், வாயிலிலிருந்து எவ்வளவு தூரம், எதன் மேல் இருந்தது, தேதி, எடுத்தவர். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். சீட்டில்லாத மாதிரி எவ்வளவு அரிதானாலும் பெரிதாக உதவாது.

ஆண் மாதிரி இல்லாமல் விவரிக்க முடியாதா?

பெரும்பாலும் முடியாது என்றே சொல்வேன். ஒரே பேரினத்தின் இரண்டு இனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மேலிருந்து பார்க்க இரட்டையர் மாதிரியே இருக்கும். வித்தியாசம் அடியில் இருக்கிறது. ஆணின் முதல் இரண்டு ஜோடி வயிற்றுக்கால்கள் விந்தைக் கடத்துவதற்காக உருமாறியவை. இவற்றின் வடிவம் இனத்துக்கு இனம் மாறுகிறது: ஒன்றில் நுனி வளைந்திருக்கும், ஒன்றில் ரம்பப் பல் மாதிரி இருக்கும், இன்னொன்றில் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு இருக்கும். சில இனங்களில் ஆணின் ஏழாவது காலிலும் தனிப் புடைப்போ மயிர்க்கற்றையோ இருக்கும்.

பல குகை இனங்களின் மொத்த நீளமே சில மில்லிமீட்டர்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த வேலையைக் கற்பனை செய்யுங்கள். கிளிசரின் சொட்டுக்குள் மல்லாக்கப் படுக்க வைத்து, நுண்ணோக்கியின் கீழ், முனை தீட்டிய இரண்டு ஊசிகளால் வயிற்றுக்கால்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒரு ஊசி உடலை அழுத்திப் பிடிக்கும், இன்னொன்று காலின் அடிமூட்டைத் தொட்டு மெதுவாகத் தள்ளும். இழுத்தால் கிழியும். முதல் ஜோடி மிக மெல்லியது. ஒளி பின்னாலிருந்து விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. விளக்கைச் சாய்த்து, விளிம்பு மின்னும்போது பிடித்து, ஸ்லைடுக்கு மாற்ற வேண்டும். மேலே கண்ணாடித் தகடு வைக்கும்போது அழுத்தம் கூடினால் நுனியின் வளைவு நேராகிவிடும், அந்த வளைவைத்தான் நாம் வரைய வந்தோம். அதனால் தகட்டை மூடுவதற்கு முன்பே ஒருமுறை வரைந்துகொள்வது நல்லது.

இன்னொரு சிக்கல், ஆண்களே அரிதாக இருக்கும் வுட்லவுஸ்களும் உண்டு. டிரைக்கோனிஸ்கஸ் புசில்லஸ் ஆண் துணையின்றியே பெருகும். பெண் மாதிரி மட்டும் கையில் இருந்தால் பேரினம் வரை சொல்லிவிட்டு, ஆண் கிடைக்கும்வரை காத்திருங்கள்.

நல்ல புகைப்படம் இருக்கும்போது கோட்டுப்படம் எதற்கு?

புகைப்படம் அழுக்கையும் நிழலையும் சேர்த்துக் காட்டும். கோட்டுப்படத்தில் வரைபவர் ஒரு முடிவு எடுக்கிறார்: இந்த மயிர் இங்கே இருக்கிறது, இந்த விளிம்பு இப்படித்தான் போகிறது என்று. அந்த முடிவை இன்னொருவர் சோதித்துப் பார்க்க முடியும். நுண்ணோக்கியில் பொருத்தும் கேமரா லூசிடா கருவியைக் கொண்டு காகிதத்தில் வரைவது இன்றும் வழக்கம்; கணினியில் வரைபவர்களும் உண்டு. வாயுறுப்புகள், உணர்கொம்பின் கணுக்கள், ஏழு ஜோடிக் கால்களில் முக்கியமானவை, ஐந்து ஜோடி வயிற்றுக்கால்கள், வால்நுனி எல்லாம் வர வேண்டும். முதுகுத் தகடுகளின் இருபக்கமும் உள்ள உணர்மயிர்கள் விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று அளந்து கொடுப்பதும் பல குடும்பங்களில் வழக்கம். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் இருந்தால் கூடுதல் பலம். இல்லாவிட்டாலும் குறையில்லை.

டி.என்.ஏ. பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

உதவும், ஆனால் தனியாகப் போதாது. வழக்கமாகப் படிக்கும் சி.ஓ.1 மரபணுத் துண்டு 658 எழுத்து நீளம். அதை ஒப்பிடப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே வரிசைகள் இருக்க வேண்டும். குகை வுட்லவுஸ்களில் பலவற்றுக்கு அங்கே எதுவும் இல்லை. எதோடும் ஒத்துப்போகவில்லை என்று முடிவு வந்தால், அது புதிய இனமாகவும் இருக்கலாம், நூறு ஆண்டுக்கு முன் பெயரிடப்பட்டு இதுவரை யாரும் டி.என்.ஏ. எடுக்காத இனமாகவும் இருக்கலாம்.

டி.என்.ஏ. உண்மையிலேயே கைகொடுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஒரே மாதிரி தெரியும் இரண்டு குகைக் கூட்டங்கள் பல காலம் முன்பே பிரிந்தவையா என்று காட்டுவது. இன்னொன்று உறவுமுறை. இருட்டில் வாழ்ந்தால் வெவ்வேறு பரம்பரைகள் தனித்தனியே வெளிறி, கண்ணிழந்து, கால் நீண்டு ஒரே சாயலுக்கு வந்துவிடுகின்றன. அந்தச் சாயலை நம்பித் தவறான பேரினத்தில் வைத்துவிடும் ஆபத்து எப்போதும் இருக்கிறது.

புதிய இனம்தான் என்று எப்படி உறுதிப்படுத்துவது?

நான் இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். ஒரு மாதிரியைப் பிரித்து வரைய ஒரு வாரம் போதும். அது இதற்கு முன் யாரும் விவரிக்காதது என்று நிரூபிக்க மாதக்கணக்கில் ஆகலாம். அவசரப்படுபவர்கள் இங்கேதான் குறுக்கு வழி தேடுகிறார்கள்.

முதலில் குடும்பமும் பேரினமும் தெளிவாக வேண்டும். உணர்கொம்பின் நுனிச் சாட்டையில் எத்தனை கணு, வாயுறுப்பில் எத்தனை பல், வயிற்றுக்காலில் காற்றறை உண்டா என்று பார்த்து அங்கே வந்து சேரலாம். அப்புறம் அந்தப் பேரினத்தில் உள்ள ஒவ்வொரு இனத்தின் மூல விவரிப்பையும் படிக்க வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது. ஹெல்முட் ஷ்மால்ஃபுஸ் 2003இல் வெளியிட்ட உலகப் பட்டியல் நல்ல தொடக்கம். அதற்குப் பின் வந்தவற்றைத் தனியே தேட வேண்டும். பழைய கட்டுரைகள் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இத்தாலியனிலும் இருக்கும். பிரெஞ்சு விலங்கியலாளர் ஆல்பெர் வாண்டெல் போன்றவர்கள் எழுதியவை படங்களோடு விரிவாக இருக்கும். இன்னும் பழையவற்றில் நான்கு வரி விவரிப்பு மட்டும் இருக்கும், ஒரு படம்கூட இருக்காது.

அந்த நான்கு வரியை என்ன செய்வது? அருங்காட்சியகத்துக்கு எழுதி, மூல மாதிரியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மாதிரி தொலைந்திருந்தால், அது முதலில் கிடைத்த அதே இடத்துக்கு யாராவது போய்ப் புதிதாக எடுத்துப் பார்க்க வேண்டும். சில சமயம் ஒரு புதிய இனத்தை விவரிக்கும் முன் இரண்டு பழைய இனங்களை மறுபடி விவரிக்க வேண்டிவரும். அதைக் கூடுதல் சுமை என்று நினைக்காதீர்கள். அந்த மறு விவரிப்பு, அடுத்து வரும் அத்தனை பேருக்கும் பயன்படும்.

கடைசியில், உங்கள் இனத்தை அதன் நெருங்கிய உறவினங்களிடமிருந்து பிரித்துக்காட்டும் பத்தியை எழுதுங்கள். எந்த உறுப்பில், எப்படி மாறுபடுகிறது என்று சொல்லுங்கள். அந்தப் பத்தியை உங்களால் தெளிவாக எழுத முடியவில்லை என்றால், இன்னும் நேரம் வரவில்லை.

ஹோலோடைப் என்றால் என்ன?

அந்தப் பெயரைத் தாங்கி நிற்கும் ஒற்றை மாதிரி. பின்னாளில் சந்தேகம் வந்தால் எல்லாரும் அதைத்தான் போய்ப் பார்ப்பார்கள். 1999க்குப் பிறகு வெளியாகும் விவரிப்புகளில் ஹோலோடைப் எது, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படுகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்வது கட்டாயம். வுட்லவுஸ்களில் பொதுவாக வளர்ந்த ஓர் ஆணைத் தேர்ந்தெடுப்போம். விவரிப்புக்குப் பயன்பட்ட மற்ற மாதிரிகள் பாராடைப்கள். எல்லாம் பொது அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். ஆய்வாளரின் மேசை இழுப்பறையில் இருந்தால் அவர் ஓய்வு பெற்றதும் காணாமல் போகும்.

பெயரை நம் விருப்பப்படி வைக்கலாமா?

பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு அனுமதிக்கும் எல்லைக்குள் வைக்கலாம். அதன் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர் லத்தீன் எழுத்தில் பேரினம், இனம் என இரு சொல்லாக இருக்க வேண்டும். இடத்தின் பெயரில் வைப்பது வழக்கம். மேலே சொன்ன யூயுஎன்சிஸ், யூயூ என்ற ஊரைக் குறிக்கிறது. ஆணைச் சிறப்பித்தால் 'இ' என்றும், பெண்ணைச் சிறப்பித்தால் 'ஏ' என்றும் முடியும். பண்பைக் குறிக்கும் சொல்லானால் பேரினப் பெயரின் லத்தீன் இலக்கணப் பாலோடு ஒத்துப்போக வேண்டும். தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை.

டைட்டனீதஸ் ஆல்பஸ் (கோக், 1841) என்று பார்த்திருப்பீர்கள். ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், இனம் முதலில் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டுப் பின் மாற்றப்பட்டது என்று பொருள்.

இணையத்தில் ஒரு பதிவாகப் போட்டால் போதுமா?

போதாது. ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம் போன்றவற்றையும் நம்பியிருக்க முடியாது. பெயரிடல் விதித்தொகுப்பில் 2012இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு மின்னிதழில் மட்டும் வெளியிடலாம். ஆனால் கட்டுரையை விலங்குப் பெயர்களுக்கான ஸூபேங்க் இணையப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிந்து, பதிந்ததற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே தர வேண்டும். ஸூடாக்ஸா, ஸூகீஸ், சப்டெரேனியன் பயாலஜி போன்ற இதழ்களுக்கு இந்த நடைமுறை பழக்கமானது. விவரிப்பு வருவதற்கு முன் பெயரை வெளியே சொல்லாதீர்கள். விவரிப்பு இல்லாத வெறும் பெயர் செல்லாது, குழப்பம் மட்டும் மிஞ்சும்.

எவ்வளவு காலம் ஆகும்?

எல்லா உயிரினங்களையும் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, மாதிரி எடுத்த நாளிலிருந்து விவரிப்பு வெளிவர சராசரியாக 21 ஆண்டு ஆகிறது என்று கண்டது. அருங்காட்சியகக் குப்பிகளில் பெயருக்காகக் காத்திருப்பவை ஏராளம். சேகரிப்பவர்கள் பலர், உட்கார்ந்து விவரிப்பவர்கள் மிகச் சிலர். வகைப்பாட்டியலில் ஆர்வமுள்ள மாணவர்கள் குகைக்குள் இறங்காமலேயே இங்கிருந்து தொடங்கலாம்.

ஒரே குகையில் மட்டும் வாழ்கிறது என்று எழுதலாமா?

"இதுவரை இந்த ஒரு குகையிலிருந்து மட்டும் அறியப்பட்டது" என்று எழுதுங்கள். குகை என்பது மனிதன் நுழையக்கூடிய இடைவெளி மட்டும்தான். வுட்லவுஸுக்குச் சில மில்லிமீட்டர் விரிசலே தாராளம், அது சுண்ணாம்புப் பாறை முழுக்க ஓடலாம். அதே நேரம், பல குகை இனங்களின் பரவல் உண்மையிலேயே மிகக் குறுகியது. அந்தப் பாறை சுரங்கத்துக்கோ சிமென்ட்டுக்கோ போனால் இனமும் சேர்ந்து போகும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில் பெயரில்லாத உயிரினத்துக்காக வாதாடுவது கடினம். பெயரும் விவரிப்பும் இருந்தால் அழியும் அபாயப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கேட்கவாவது முடியும்.

குகையின் இடத்தைத் துல்லியமாக வெளியிடலாமா?

இப்போது இது நியாயமான கவலை. ஐசோபாட் வளர்ப்பு ஒரு பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. தாய்லாந்தின் சுண்ணாம்புப் பாறைப் பகுதிகளிலிருந்து வந்த கியூபாரிஸ் என்ற வுட்லவுஸ் பேரினத்தின் சில வகைகள், அறிவியல் பெயர் கிடைக்கும் முன்பே 'ரப்பர் டக்கி' போன்ற விற்பனைப் பெயரில் உலகம் முழுக்கப் போய்விட்டன. குறைவாக இனப்பெருக்கம் செய்யும் குகை இனத்தை இப்படி அள்ளினால் மீளாது. துல்லியமான அட்சரேகை, தீர்க்கரேகையை அருங்காட்சியகப் பதிவேட்டில் கொடுத்துவிட்டு, கட்டுரையில் குகையின் பெயரையும் வட்டாரத்தையும் மட்டும் சொல்வது என் விருப்பம். இடமே சொல்லாமல் விடுவது சரியல்ல. பின்னால் வருபவர் சரிபார்க்க வழியிருக்க வேண்டும்.

நான் ஒரு குகையில் வெள்ளை வுட்லவுஸ் பார்த்தேன். என்ன செய்ய?

எடுக்காதீர்கள். பக்கவாட்டிலும் மேலிருந்தும் தெளிவாகப் படம் எடுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் இருந்தால் நல்லது. எந்தப் பகுதி, எதன் மேல் இருந்தது, எத்தனை இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள பல்கலைக்கழக விலங்கியல் துறைக்கோ இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கோ அனுப்புங்கள். இணையத்தில் இடத்தோடு போட வேண்டாம். அடுத்த குகைக்குப் போகும் முன் காலணியையும் கயிற்றையும் கழுவிக் காயவையுங்கள். ஒரு குகையின் பூஞ்சையை இன்னொன்றுக்குச் சுமந்துபோகக் கூடாது. அனுமதியோடு ஆய்வாளர் ஒருவர் வரும்போது அந்த இடத்துக்கு வழிகாட்டிப் போக நீங்கள் தயாராக இருந்தால், அதைவிடப் பெரிய உதவி எங்களுக்குக் கிடையாது.